சந்தா கட்டுபவர் கையில் சங்கம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இரவு பத்தேகால் மணி. ஸ்ரீரங்கம் சிங்கிள் முடித்து வந்த கண்டக்டர் ஒருவர், பையை மடியில் வைத்துக்கொண்டு சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தார். போனில் ஒரு படம் வந்து விழுந்தது. அன்று போட்ட ஊதிய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் அது. வரிசையாகக் கையெழுத்துகள், முத்திரைகள். "அண்ணே, முன்னாடி பக்கமெல்லாம் எங்கண்ணே?" என்று என்னைக் கேட்டார். பதினெட்டு வருடமாகச் சந்தா கட்டுகிறவர். தன் சம்பளம் எவ்வளவு ஏறியது என்பதை டி.வி. செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் 2022 ஆகஸ்டில் 14-ஆவது ஊதிய ஒப்பந்தம் போடப்பட்டது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்த கணக்கு அதில் நான்கு ஆண்டானது. 2025 மே கடைசியில் 15-ஆவது ஒப்பந்தம், 6 சதவீத உயர்வு. இந்த இரண்டுக்கும் முன்னால் உங்கள் கையில் ஒரு வாக்குச்சீட்டைத் தந்து "சம்மதமா?" என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் இந்தப் பட்டியல் உங்களுக்குத்தான். நீங்கள் எந்தக் கொடியின்கீழ் இருந்தாலும் சரி, டிரைவர், கண்டக்டர், டெக்னீஷியன் யாராக இருந்தாலும் சரி.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். விதிப்புத்தகம், உறுப்பினர் பட்டியல், கணக்குப் புத்தகம் இந்த மூன்றும் யார் கையில் இருக்கிறதோ, சங்கம் அவர் கையில். தலைவரை மாற்றியும் இந்த மூன்றும் பூட்டிய பீரோவிலேயே கிடந்தால், நீங்கள் எதையும் மாற்றவில்லை.

செய்ய வேண்டியவை

1. விதிப்புத்தகத்தை இன்றே கேட்டு வாங்குங்கள். பதிவுபெற்ற ஒவ்வொரு சங்கத்துக்கும் எழுதப்பட்ட விதிகள் இருந்தே தீர வேண்டும். கிளைச் செயலாளர் "அது மத்திய சங்கத்துல இருக்கு" என்று இழுத்தடித்தால், தொழிலாளர் துறையில் உள்ள தொழிற்சங்கப் பதிவாளருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு.

2. விதியில் நான்கு இடங்களை அடிக்கோடிடுங்கள். நிர்வாகிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி நீக்குவது, பேரவைக் கூட்டத்தைக் கூட்டும் உரிமை யாருக்கு, விதியைத் திருத்த எத்தனை பேர் ஆதரவு வேண்டும். நிர்வாகிகளின் பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது என்று 2001-லேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். உங்கள் சங்கத்தில் கடைசித் தேர்தல் எப்போது நடந்தது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

3. உறுப்பினர் பட்டியலில் உங்கள் பெயரைக் கண்ணால் பாருங்கள். கணக்கையும் பட்டியலையும் பார்வையிடும் உரிமையை 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு சாதாரண உறுப்பினருக்கே கொடுத்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்பிலும் அந்த உரிமை உண்டு. ஒரு கிளையில் பட்டியலைத் திறக்கவைத்தபோது நான் உடனிருந்தேன். ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆனவர் பெயர் இருந்தது. மாதாமாதம் சந்தா கட்டும் ஒரு மெக்கானிக்கின் பெயர் இல்லை. தேர்தல் நாளில் அவருக்கு ஓட்டு இருந்திருக்காது.

4. சந்தா ரசீதையும் சம்பளப் பட்டியலையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். "நீ உறுப்பினரே இல்லை" என்பதுதான் கேள்வி கேட்பவர் மேல் வீசப்படும் முதல் கல். சம்பளத்தில் சந்தா பிடித்தம் ஆகிறதென்றால் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு வையுங்கள். கையில் காகிதம் இருந்தால் அந்தக் கல் படாது.

5. கணக்கை எழுத்தில் கேளுங்கள். வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்து பதிவாளருக்கு அனுப்புவது சங்கத்தின் கடமை. மாநாட்டு வசூல், நோட்டீஸ் அச்சு, வழக்குச் செலவு என்று தலைப்பு வாரியாகக் கேளுங்கள். யார் திருடினார் என்று கேட்காதீர்கள், எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் 'பெற்றேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்.

6. டிப்போ டிப்போவாக ஆள் கணக்கு எடுங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: நம்மோடு இருப்பவர், யோசிப்பவர், எதிர்ப்பவர். மலைக்கோட்டை, தீரன் நகர், துவாக்குடி, துறையூர் என்று ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பக்கம். டீக்கடைச் சலசலப்பைக் கேட்டுப் பெரும்பான்மை இருப்பதாக நம்பியவர்கள் பேரவையில் தனியாக நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெயர் எழுதி எண்ணினால்தான் பலம் தெரியும்.

7. ஒரே கூட்டத்தை இரண்டு நேரத்தில் நடத்துங்கள். காலை நாலரைக்கு வண்டி எடுப்பவரும் கிராமத்தில் நைட் ஹால்ட் போடுபவரும் ஒரே மாலையில் வர முடியாது. மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு வருவது எப்போதும் ஜெனரல் ஷிஃப்ட் ஆட்கள்தான். அவர்கள் மட்டும் எடுக்கும் முடிவு மற்றவர்கள் தலையில் விழுகிறது. மதியம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒன்று, இரவு கணக்குக் கட்டும் நேரத்தில் ஒன்று, இரண்டிலும் ஒரே அஜெண்டா.

8. ஜெயிக்கக்கூடிய சின்னக் கோரிக்கை ஒன்றில் தொடங்குங்கள். ஓய்வறைக் கட்டிலில் மூட்டைப்பூச்சி, பெண் கண்டக்டருக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் குடிதண்ணீர். எல்லாருக்கும் வலிக்கிற ஒன்றாக அது இருக்கட்டும். கோரிக்கையை எழுதுவதும் கையெழுத்து வாங்குவதும் மேலாளரைப் பார்ப்பதும் உறுப்பினர்களே செய்யட்டும். ஒரு தாழ்ப்பாள் மாறினால், கேட்டால் கிடைக்கும் என்ற தைரியம் முப்பது பேருக்கு வரும்.

9. தீர்மானத்தை எழுதி, எண்ணி, ஒட்டுங்கள். 'ஏகமனதாக நிறைவேறியது' என்ற வரியை ஒழியுங்கள். வந்தவர் இத்தனை, ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை என்று நோட்டீஸ் போர்டில் போடுங்கள். எதிர்த்தவருக்கும் தன் குரல் பதிவானது தெரிந்தால் அவர் வெளியே போக மாட்டார்.

10. ஒப்பந்தத்துக்கு முன் வாக்கெடுப்பு என்பதை விதியிலேயே எழுதவையுங்கள். ஒப்பந்தத்தை உறுப்பினர் ஓட்டுக்கு விட்டே ஆக வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்லவில்லை. அதனால் உங்கள் சங்க விதிதான் உங்களுக்குப் பாதுகாப்பு. 'வரைவை ஏழு நாள் முன்பே தமிழில் ஒவ்வொரு கிளையிலும் ஒட்ட வேண்டும், ரகசிய வாக்கெடுப்பில் பெரும்பான்மை கிடைத்த பிறகே கையெழுத்து' என்ற இரண்டு வரி போதும். இந்தப் பட்டியலில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

11. தலைவரை நேரடியாக, ரகசிய வாக்குச்சீட்டில் தேர்ந்தெடுக்கக் கேளுங்கள். கைதூக்கும் தேர்தலில் டியூட்டி போடுபவர் யார் பக்கம் பார்க்கிறார் என்று பார்த்துத்தான் கைகள் உயரும். இது நடக்கக்கூடிய காரியமா என்று யோசிக்க வேண்டாம். ரயில்வேயில் எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதை 2007, 2013, 2024 என்று மூன்று முறை தொழிலாளர்கள் ரகசிய ஓட்டில் தீர்மானித்திருக்கிறார்கள், நம் பொன்மலைப் பணிமனைக்காரர்களும் சேர்த்து. அமெரிக்காவில் கார்த் தொழிலாளர்களின் யு.ஏ.டபிள்யூ. சங்கத்தில் மாநாட்டுப் பிரதிநிதிகள்தான் தலைவரைத் தேர்ந்தெடுத்துவந்தார்கள். ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு என்ற மாற்றத்தை 2021-ல் சுமார் 64 சதவீதம் பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். 2023-ல் அந்த முறையில் ஷான் ஃபெயின் தலைவரானபோது ஓட்டு வித்தியாசம் வெறும் 483. ஒரு டிப்போ ஆட்கள் அளவு.

12. நிர்வாகிகள் வண்டியிலும் பணிமனையிலும் வேலை செய்பவர்களாக இருக்கிறார்களா என்று பாருங்கள். நம்முடையதைப் போன்ற அமைப்புசார்ந்த துறையில், வெளியாட்கள் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. வக்கீலும் அனுபவசாலியும் சங்கத்துக்குத் தேவைதான். ஆனால் ஸ்டியரிங் பிடித்துப் பத்து வருடம் ஆனவருக்கு இன்றைய ரன்னிங் டைம் நெருக்கடி காதால் கேட்ட செய்தி மட்டுமே.

13. கான்ட்ராக்ட் ஆட்களையும் பெண்களையும் முதல் நாளே சேருங்கள். ஏஜென்சி வழியாக வந்த டிரைவர் அதே வண்டியை அதே ரூட்டில் ஓட்டுகிறார், சம்பளம் மட்டும் வேறு. அவரை வெளியே நிறுத்தினால், நாளை உங்கள் கோரிக்கைக்கு எதிராக அவரையே நிறுத்துவார்கள். ஓய்வுபெற்ற அண்ணன்களையும் அழையுங்கள். பஞ்சப்படி நிலுவைக்காக வருடக்கணக்கில் அலைந்தவர்களுக்கு, எந்த ஒப்பந்தத்தில் எது விடுபட்டது என்பது மனப்பாடம்.

14. 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளி' பட்டியலில் யார் பெயர் போகிறது என்று கேளுங்கள். பதிவுபெற்ற சங்கத்தின் நிர்வாகிகளில் மொத்தத் தொழிலாளர் எண்ணிக்கையில் 1 சதவீதம் பேருக்கு, குறைந்தது 5, அதிகபட்சம் 100 பேருக்கு, தகராறு நடக்கும் காலத்தில் பழிவாங்கலிலிருந்து தனிப் பாதுகாப்பு உண்டு. வெயிலில் முன்னால் நிற்பவருக்குத்தான் குடை வேண்டும். நிழலில் உட்கார்ந்திருப்பவருக்கே அது போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

1. கோபத்தில் ராஜினாமா செய்யாதீர்கள். உறுப்பினராக இருக்கும்வரைதான் பட்டியலைப் பார்க்கும் உரிமை, கணக்குக் கேட்கும் உரிமை, ஓட்டு எல்லாம். நீங்கள் கடிதத்தை நீட்டும் நாளில் நிம்மதிப் பெருமூச்சு விடப்போவது யார் என்று யோசியுங்கள்.

2. ஒப்புக்கு ஒரு புதுச் சங்கம் தொடங்காதீர்கள். புதிய தொகுப்பின்படி, 51 சதவீதம் பேரை உறுப்பினராகக் கொண்ட சங்கமே தனியாகப் பேச்சுவார்த்தை நடத்தும் உரிமை பெறும். அப்படி எதுவும் இல்லையென்றால், 20 சதவீதமாவது வைத்திருக்கும் சங்கங்களுக்குத்தான் கவுன்சிலில் இடம். நாற்பது பேரோடு பிரிந்து போனால் லெட்டர்பேடு மிஞ்சும், மேசையில் நாற்காலி கிடைக்காது.

3. வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "கோரிக்கை மனுவுக்குத்தான்" என்பார்கள். அதே தாள் உறுப்பினர் மாற்றுப் படிவமாகவோ ராஜினாமாவாகவோ மாறி வரும். மேலே எழுதியிருப்பதைப் படித்து, போட்டோ எடுத்து, தேதி போட்டபின் கையெழுத்திடுங்கள்.

4. ஆட்சி மாறும்போதெல்லாம் சங்கம் மாறாதீர்கள். கோட்டையில் கொடி மாறிய மாதமே டிப்போவில் உறுப்பினர் படிவம் கட்டுக்கட்டாக வரும். ஆட்சிக்கு ஒரு சந்தா கட்டும் தொழிலாளியை எந்தத் தலைவரும் மதிப்பதில்லை. நல்ல ரூட் கிடைக்கும் என்று போனவரை, அடுத்த தேர்தலுக்குப் பின் முதல் ஆளாகத் தூக்கியடிப்பார்கள். அரசியல் உங்கள் சொந்த விருப்பம். டிப்போவில் உங்கள் பலம் பக்கத்து சீட்டில் இருப்பவர்தான்.

5. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். அரசியல் காரியங்களுக்கு நிதி என்றால் அது தனிக் கணக்கில் இருக்க வேண்டும், விருப்பப்பட்டவர் மட்டுமே தர வேண்டும். தர மறுத்தார் என்பதற்காக எந்த உறுப்பினர் உரிமையையும் பறிக்க முடியாது. தன்மையாக "ரசீது கொடுங்கண்ணே" என்று கேளுங்கள். பாதி வசூல் அந்தச் சொல்லிலேயே நின்றுவிடும்.

6. டியூட்டிக்கும் லீவுக்கும் தலைவரிடம் கடன்படாதீர்கள். தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு வாங்கித் தந்தவரை எதிர்த்து யாரால் கை தூக்க முடியும்? நல்ல சங்கங்களும் கெட்டுப்போவது இந்த உதவியில்தான். டியூட்டி வரிசை சீனியாரிட்டிப்படி போர்டில் வெளிப்படையாக ஒட்டப்பட வேண்டும் என்று எல்லாருமாகக் கேளுங்கள். தயவு உரிமையாக மாறினால், பயம் தானாக விலகும்.

7. தலைவரின் வீட்டையும் சாதியையும் இழுக்காதீர்கள். கணக்கைப் பற்றிய கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். சாதியைப் பற்றி ஒரு வார்த்தை விழுந்தால் பதில் சொல்லும் கடமை உங்கள்மேல் திரும்பும். கூட்டம் இரண்டாகப் பிளக்கும். பிளந்த கூட்டத்தை மறுபடி சேர்க்கப் பத்து வருடம் போதாது.

8. வாட்ஸ்அப் குழுவில் திட்டம் போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய குரல்பதிவு நீங்கள் அடுத்த ஸ்டாப்பைத் தொடுவதற்குள் மேலாளர் மேசையில் இருக்கும். மெமோவுக்கு அதுவே சாட்சி. அறிவிப்புக்கு வாட்ஸ்அப், ஆலோசனைக்கு நேரில் பேச்சு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

9. 'எல்லாரும் சேர்ந்து லீவு போட்டுவிடலாம், அது ஸ்டிரைக் ஆகாது' என்பதை நம்பாதீர்கள். குறிப்பிட்ட நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே என்று புதிய தொகுப்பு சொல்கிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு தேவை. சமரசப் பேச்சு நடக்கும்போதும் முடிந்த ஏழு நாளுக்கும் இறங்கக்கூடாது. ஆவேசமாகப் பேசுபவர் பெரும்பாலும் மெமோ வராதவர். அது உங்கள் பெயருக்குத்தான் வரும்.

10. உங்கள் சங்கத் தகராறை நிர்வாகத்திடம் கொண்டுபோகாதீர்கள். மேலாளர் காபி வாங்கிக் கொடுத்து அக்கறையாகக் கேட்பார். மறுவாரம் பேச்சுவார்த்தையில் அதையே உங்கள் எல்லாருக்கும் எதிராகப் பயன்படுத்துவார். முதலில் பேரவை, அடுத்து பதிவாளர். சங்கத் தேர்தல், நிர்வாகம் பற்றிய உறுப்பினர் தகராறைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகவும் புதிய தொகுப்பில் வழி இருக்கிறது.

11. கையில் காகிதம் சேராமல் வழக்குப் போடாதீர்கள். எழுதிக் கேட்ட தேதி, மறுத்த தேதி, தபால் ரசீது, சாட்சிகளின் பெயர் எல்லாம் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும். வழக்கு தொடங்கியதும் "கோர்ட்டுல இருக்கு" என்று சொல்லி எல்லாக் கேள்வியையும் ஒத்திப்போட அவர்களுக்கு வசதி. இடைப்பட்ட வருடங்களில் உங்கள் ஆட்கள் கலைந்துவிடுவார்கள்.

12. எல்லாப் பொறுப்பையும் ஒருவர் தலையில் கட்டாதீர்கள். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். 2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதம் என்று குறைத்தபோது, கட்சிச் சங்கத் தலைவர்களைக் கிட்டவே விடாமல் அவர்களே சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதம் வாங்கினார்கள். அதுதான் பெம்பிளை ஒருமை. பின்னர் அதுவும் பிளவுபட்டுச் சுருங்கியது. அந்தப் பெண்களின் துணிச்சலுக்கு நிகரில்லை. ஆனால் போராட்டத்தில் பிறந்த ஒற்றுமை நிலைக்க, சுற்றுமுறைப் பொறுப்பும் எழுதிய விதியும் வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேரைப் பழக்குங்கள். ஒருவரை ராமநாதபுரத்துக்கு மாற்றினாலும் வேலை நிற்கக்கூடாது.

13. ஜெயித்த மறுநாள் வீட்டுக்குப் போய்ப் படுக்காதீர்கள். புது நிர்வாகிக்கும் பழைய பீரோதான் கிடைக்கும், அதே சாவிதான். முதல் மாதமே கணக்கைப் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். உங்கள் அணி ஜெயித்ததால் சும்மா இருந்தால், ஐந்து வருடம் கழித்து உங்களை நோக்கி இன்னொருவர் இதே பட்டியலோடு வருவார். அவர் கேட்பது நியாயமாகவும் இருக்கும்.

14. பயந்தவரைத் துரோகி என்று சொல்லாதீர்கள். வீட்டுக்கடனும் பிள்ளையின் காலேஜ் பீஸும் உள்ளவர் ஒதுங்கி நிற்கத்தான் செய்வார். அவரை ஒருமுறை அவமானப்படுத்தினால் நிரந்தரமாக இழப்பீர்கள். ரகசிய வாக்குச்சீட்டு அவரைப் போன்றவருக்காகவே இருக்கிறது. அந்த மறைப்புக்குள் அவர் உங்களுக்குத்தான் குத்துவார்.

சத்திரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பொன்மலை சங்கத் திடல் இருக்கிறது. 1946 செப்டம்பர் 5 அன்று அங்கே திரண்டிருந்த ரயில்வே தொழிலாளர்கள்மேல் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டது. ஐந்து பேர் செத்தார்கள். இன்றும் வருடந்தோறும் அந்த நாளில் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். சங்கம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் கொடுக்கப்பட்ட விலை அது. அப்படிக் கிடைத்த ஒன்றின் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்க நமக்கு என்ன தயக்கம்?

அந்தக் கண்டக்டர் முன்பக்கங்களைத் தேடி இரண்டு வாரம் அலைந்தார். கிடைத்ததும் நகலெடுத்து, டைம் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் வைத்து ஏழு பேருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். அடுத்த வாரம் பத்தொன்பது பேர் வந்தார்கள். இப்போது அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது உறுப்பினர் பட்டியலை.

நாளைக் காலை முதல் சிங்கிள் எடுக்கும் முன் நீங்கள் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கிளைச் செயலாளரிடம் போய், வணக்கம் சொல்லி, "அண்ணே, நம்ம சங்க விதிப்புத்தகம் ஒண்ணு வேணும்" என்று கேளுங்கள். பக்கத்தில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.